முதலில் வர வேண்டியவை

புரட்டாசி மாதத்தில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை நாமம் போட்டுக்கொண்டு ஒரு வேளைதான் சாப்பிடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமை மதியம் கம்பெனி கேண்டீனில் சாம்பார் சாதம் வாங்கி, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தேன். எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலையாக வந்திருந்த அவரும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். மோரையும் குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது சும்மா கேட்டு வைத்தேன்.

"இன்னா சார், சாம்பாரு இன்னிக்கு ஒரு மாதிரியா இருந்துது இல்ல?"

"சிக்கன் குழம்புக் கரண்டிய அதுல போட்டுக் கிண்டிட்டார்," என்றார்.

"யாரு?"

"பரிமாறுறவர். நீங்க பக்கத்து ஆளோட பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் உங்க பின்னாடி நின்னேன்."

"நான் விரதம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நாமம் போட்டிருக்கீங்களே. தெரியும்."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்?"

"நீங்க கேக்கலையே."

இதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. மணி என்ன என்று கேட்டவனுக்கு மணி சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். நான் பாத்ரூமுக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். அந்த ஒரு நாள் விரதத்துக்குப் பரிகாரமாக அடுத்த வாரம் முழுவதும் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

அவர் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதுவது நியாயமில்லை என்பதால் எழுதவில்லை. கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. செக்யூரிட்டி முனுசாமி வைத்த பெயர் 'கேக்கல சார்'. ஒரு மழை நாளில் கம்பெனி பஸ் வராது என்று தெரிந்தும், சுங்குவார்சத்திரம் போகிற பஸ்ஸுக்காக நின்ற எங்கள் ஏழெட்டுப் பேரோடு அவரும் நின்றார். அவர் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருக்கிறார். ஆட்டோ வந்ததும் ஏறிக்கொண்டார். "பஸ் வருமா சார்?" என்று முனுசாமி அப்போதுதான் கேட்டான். "வராது. காலையிலேயே ரத்து பண்ணிட்டாங்க," என்று ஆட்டோவுக்குள்ளிருந்து பதில் வந்தது. அன்றைக்கு வைத்த பெயர் அது.

ஒரகடம் பக்கத்தில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் பத்தாவது வரை படித்தவன். பென்னலூரில் எங்களுக்கு இருந்த நிலம் போன பிறகு இங்கே டைம் ஆபீஸில் சேர்ந்தேன். யார் வந்தார், யார் போனார் என்று பார்க்கிற வேலை. கேட்டில் எங்களுக்கு நான்கு கம்ப்யூட்டர். உள்ளே வருகிறவர் கார்டைத் தேய்த்தால் அவருடைய பேஜ் திறக்கும். படத்தில் இருக்கிற முகமும் எதிரே நிற்கிற முகமும் ஒன்றுதான் என்றால் உள்ளே விடுவோம்.

அந்தப் பேஜை முதலில் செய்தவர்கள் ஒரு ஆளைப் பற்றி என்னவெல்லாம் உண்டோ அத்தனையையும் அதில் திணித்திருந்தார்கள். படம், பேர், ஷிப்ட், லைன், பஸ் ரூட், லீவு, ட்ரெயினிங், வார்னிங், ரத்த வகை, குடும்பத்தார் பேர் எல்லாம் இறங்கி முடிந்தால்தான் பச்சை விளக்கு எரியும். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம், சில நாள் முக்கால் நிமிஷம். இரண்டு மணி ஷிப்டுக்கு வருகிறவர்களின் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டு வெயிலில் நிற்கும். வரிசையில் நின்றதற்கே லேட் மார்க் விழும். பெண் பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள். கம்ப்யூட்டரைத் திட்ட முடியாதே.

அந்தப் பேஜின் அடியில் சிவப்பாக ஒரு கட்டம் உண்டு. 'வீட்டுத் தகவல்' என்று பேர். கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் இருக்கிற பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். லைனில் பாதிப் பேரிடம் அப்போது போனே கிடையாது. தெற்கே ராமநாதபுரம், சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள். ஊரில் அவசரம் என்றால் டைம் ஆபீஸ் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் ஆளைக் கூப்பிட சூப்பர்வைசர் லைனை நிறுத்த மாட்டார். அதனால் போனை எடுத்தவர் அந்த ஆளின் நம்பரில் தகவலைத் தட்டி வைப்போம். ஆள் வரும்போதோ போகும்போதோ கார்டைத் தேய்த்தால் சிவப்புக் கட்டத்தில் அது வந்து நிற்கும். நாங்கள் படித்துச் சொல்லுவோம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆடி மாதம், பேஜ் சீக்கிரம் திறக்க வழி செய்ய அவரை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். தேனிப் பக்கத்து ஆள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு வாட்ச், அதன் பக்கவாட்டில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் விநாடி ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். இரண்டு நாள் என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், என் மூஞ்சியில இன்னா கீது?"

"உங்க கண்ணு ஸ்க்ரீன்ல எங்க போகுதுன்னு பாக்குறேன். படம், பேர், ஷிப்ட். இந்த மூணுக்குத்தான் போகுது. மத்ததெல்லாம் வெட்டியா இறங்குது."

உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நாளும் யார் வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. சிவப்புக் கட்டம் காலியாகவே இருந்தது. காலிக் கட்டத்துக்கு என் கண் எதற்குப் போகும்?

பேஜைத் துண்டு துண்டாகப் பிரிக்கப் போவதாகச் சொன்னார். கார்டைத் தேய்த்ததும் வேண்டியது மட்டும் வரும். மற்றவை தூரத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். லீவு வேண்டுமா, லீவு என்பதை அமுக்கினால் அது மட்டும் வரும். பஸ் வேண்டுமா, பஸ்.

"பந்தியில இலை போட்ட உடனே ரசம், மோர், பாயசம் எல்லாத்தையும் கொட்டினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு உங்க பேஜ்," என்றார்.

"ஆனா சார், பந்தியில கேக்காம வெக்கறது தான மரியாதி?"

"அதான் பாதிச் சோறு இலையோட குப்பைக்குப் போகுது."

எங்கள் பெருமாளிடம் நான் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்து செய்கிறவர் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். மனிதனும் முடிந்தமட்டும் அப்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? வாட்சைப் பார்ப்பார்.

ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மேலே 'முதலில் வர வேண்டியவை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே காலி.

"சொல்லுங்க. முதல்ல என்னென்ன வேணும்?"

"படம், பேரு, நம்பரு, ஷிப்ட், லைனு."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார். சீக்கிரமா தொறந்தா போதும்."

எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சிவப்புக் கட்டம் எனக்கு நினைவே வரவில்லை. மற்றவற்றுக்கெல்லாம் கீழே வரிசையாகப் பட்டன் இருக்கும், அமுக்கினால் வரும் என்றார். தலையை ஆட்டினேன்.

ஆவணி பிறந்து ஒரு திங்கட்கிழமை புதுப் பேஜ் வந்தது. கார்டைத் தேய்த்து நிமிர்வதற்குள் பச்சை. இரண்டு விநாடி. ரோட்டில் வரிசை இல்லை, வெயிலில் யாரும் இல்லை, லேட் மார்க் இல்லை.

முனுசாமி கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "இன்னா சார் இது, க்யூவே காணோம். இனிமே நான் யார மெரட்றது?"

நான் அவருக்கு ஒரு பொட்டலம் லட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மேஜையில் வைத்தார். "சாப்பிடுங்க சார்," என்று சொன்ன பிறகுதான் பிரித்தார்.

அவர் அப்படித்தான். தன் விஷயத்திலும் அப்படித்தான். அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவரைத் தப்பாக நினைப்பீர்கள்.

வந்த மாதமே எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிறு. தனியாக ரூமில் கிடக்கிறாரே என்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் வீட்டுக்காரி சொம்பு நிறையக் கூழ் ஊற்றி வெங்காயத்தோடு கொடுத்தாள். குடித்தார். காலியானதைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றினாள். அதையும் குடித்தார். தம்பிக்குப் பிடித்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். ஐந்தாவது சொம்பு முடிந்ததும் எழுந்து கொல்லைக்குப் போனவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் வாந்தி எடுத்தார்.

"அய்யய்யோ, போதும்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கின்னா தம்பி?" என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுமான்னு நீங்க கேக்கலையேக்கா," என்றார், கண்ணில் தண்ணீர் வழிய.

என் வீட்டுக்காரி அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, "அத யாரோ ரொம்ப அடிச்சு வளத்திருக்காங்க," என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்கும் தெரியாது. இன்னொரு முறை நான்கு நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறார். பேப்பர் வாங்கும்போது கை பட்டது. கொதித்தது. "காய்ச்சலா சார்?" என்றேன். "ஆமா, நாலு நாளா," என்றார். நான்கு நாளாக யாரும் கேட்கவில்லை.

புதுப் பேஜ் வந்து இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அவருடைய ஸ்க்ரீனைக் காட்டினார். எந்தத் துண்டை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று கணக்கு. லீவுக்கு நிறைய. பஸ்ஸுக்குக் கொஞ்சம். ட்ரெயினிங், ரத்த வகை எல்லாம் ஒன்று இரண்டு. கடைசி வரியில் 'வீட்டுத் தகவல்' என்றிருந்தது. எதிரே பூஜ்யம்.

"பாருங்க, இத ஒருத்தர்கூடத் தொடல. இதப் போயி இத்தன நாளா ஒவ்வொரு ஆளுக்கும் இறக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க."

நானும் பார்த்தேன். நானும் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. "ஆமா சார், தண்டம்," என்று நான்தான் சொன்னேன்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கம். வயர் முனையில் பின் அழுத்துகிற மெஷினில் வேலை. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஊரில் அம்மா மட்டும். என்னை அண்ணாச்சி என்பாள். எங்கள் பக்கத்தில் மளிகைக்கடைக்காரரைத்தான் அப்படிச் சொல்வோம். "நான் இன்னா பருப்பா விக்கறேன்?" என்பேன். "வித்தா எங்களுக்கு அரைக்கிலோ சும்மா தருவீங்க அண்ணாச்சி," என்பாள்.

ஐப்பசி மாதம், மழை. ஒரு வியாழக்கிழமை காலை தண்டலத்தில் லாரி ஓட்டுகிற அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் கேட்டுக்கு வந்தார். தலையில் துண்டு, கையில் ஹாஸ்டல் அட்ரஸ் எழுதின சீட்டு.

"அண்ணாச்சி, பேச்சியம்மான்னு ஒரு புள்ள இன்னும் இங்கதான் இருக்காளா?"

"இருக்குதே. ரெண்டு மணி ஷிப்ட்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ அம்மைய நேத்து சாயந்திரம் எடுத்தாச்சு. வருவா வருவான்னு இருட்டுற வரைக்கும் போட்டு வச்சிருந்தாவ. திங்கக்கிழமையே இங்க போன் போட்டுச் சொல்லியாச்சே."

நான் அவளுடைய பேஜைத் திறந்தேன். இரண்டு விநாடியில் படம், பேர், நம்பர், ஷிப்ட், லைன். அடியில் போய்ப் பட்டனை அமுக்கினேன். சிவப்புக் கட்டம் வந்தது. 'அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உடனே புறப்பட்டு வா.' திங்கட்கிழமை காலை பத்தேகால். என் பக்கத்து நாற்காலி பாஸ்கர் தட்டியது. கட்டம் பழையபடி தானாக வரும் என்று நினைத்துத் தட்டியிருக்கிறான். வராது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் மதியம் என் எதிரில்தான் கார்டைத் தேய்த்தாள். செவ்வாய்க்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இப்பல்லாம் சட்டுனு போயிருதோம் அண்ணாச்சி. வெயிலு இல்ல, மழை இல்ல." அப்போது அவள் அம்மா உயிரோடிருந்தாள்.

ஊர்க்காரர் ஹாஸ்டலுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நான் உள்ளே போனேன். அவர் தன் இடத்தில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுத் தகவல்ல தகவல் இருந்துது, அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பதினொண்ணு நிக்குது."

"இன்னா தகவல்னு பாத்தீங்களா?"

"இல்ல. அது எனக்கு வந்தது இல்லையே."

"யாரும் தொடலன்னு எனக்குக் காட்னீங்களே, அப்பவே நின்னுகினு இருந்துதா?"

"அப்ப ஏழு."

"சொல்லக்கூடாதா சார்? ஒரு பொண்ணு அம்மா மூஞ்சியப் பாக்காம போயிட்டா சார்."

டைப் அடித்த விரல் நின்றது. என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் என்னவோ அசைந்தது என்று நினைத்தேன். பிறகு சொன்னார்.

"நீங்க கேக்கல சார்."

என் கை தானாக ஓங்கியது. அதைப் பார்த்தார், நகரவில்லை. கையை இறக்கிவிட்டு, "அந்தக் கட்டம் முதல்லயே வரணும்," என்றேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. செய்து காட்டினார். அரை விநாடி கூடியது, அவ்வளவுதான். "முன்னாடியே கேட்டிருந்தா முன்னாடியே பண்ணிருப்பேன்," என்றார்.

மற்ற பத்துத் தகவலையும் அன்று மதியம் நானே படித்துச் சொன்னேன். 'தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வா.' அந்த ஞாயிறு போய் மூன்று வாரம். 'தாத்தா உன்னைப் பார்க்க வருகிறார், பஸ் ஸ்டாண்டில் நில்.' கிழவர் எவ்வளவு நேரம் நின்றாரோ. அதில் இரண்டு என் கையால் தட்டியவை. எதையோ எழுதித் தபால் பெட்டியில் போடுகிற மாதிரி தட்டிவிட்டு மறந்திருக்கிறேன்.

பேச்சியம்மாள் பதினாறாம் நாள் முடிந்து வந்தாள். வந்த அன்று கார்டைத் தேய்த்தாள். பச்சை எரிந்தது. அவள் நகரவில்லை.

"தகவல் உண்டுமா அண்ணாச்சி?"

சிவப்புக் கட்டம் காலி. "ஒண்ணும் இல்லமா," என்றேன். உள்ளே போனாள். மறுநாளும் அப்படியே கேட்டாள். அதற்கு மறுநாளும். இனி அவளை ஊரிலிருந்து கூப்பிட யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் என் வாயிலிருந்து இல்லை என்று வருகிற வரை நிற்பாள். கோபம் கிடையாது. அழுகை கிடையாது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் கேட்டாள். நான் வீட்டில் சுவாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தால் அந்தக் குரல்தான் கேட்கும். பாசுரம் பாதியில் மறந்துபோகும்.

அவருக்கு அது எதுவும் இல்லை. கேட்டைத் தாண்டும்போது அவளைப் பார்ப்பார், போவார். ஒருமுறையாவது 'அந்தப் பொண்ணு எப்படி இருக்கு' என்று கேட்பாரா என்று பார்த்திருந்தேன். கேட்கவில்லை.

தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் பேச்சியம்மாள் வந்து கேட்டாள். இல்லை என்றேன். மூன்று ஐந்துக்கு டைம் ஆபீஸ் போன் அடித்தது.

"ஐயா, நான் மதுரையில இருந்து பேசுறேன்," என்று ஒரு பெண் குரல், அவர் பெயரைச் சொல்லி, "அவனோட அக்கா" என்றது. "அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். அரை மணி நேரத்துல உள்ள கொண்டுபோயிருவாங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறாரு. அவன் போனு அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கிறான். கொஞ்சம் சொல்லுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்றேம்மா," என்றேன். அவருடைய போன் கேட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அவர் ஒப்பந்த ஆள், பேஜில் நம்பர் கிடையாது. அதனால் நோட்டில் எழுதினேன். மணி மூன்று ஐந்து என்றும் எழுதினேன். எழுந்து போகலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அவரே உள்ளே வந்தார். பேஜ் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வாரத்துக்கு ஒரு நாள் வருவார். எதிரில் உட்கார்ந்தார். கேண்டீன் டீயும் வந்தது.

"பேஜ் எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுது."

"நாலு கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி திறக்குதா?"

"மூணாவது கொஞ்சம் லேட்டு."

வாட்சை அமுக்கி மூன்றாவதைப் பார்த்தார். ஏதோ செய்தார். மறுபடி பார்த்தார். நோட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்தே கிடந்தது. அவர் கண் அதன்மேல் போகவில்லை. தனக்கு வராததைப் படிக்கிறவர் இல்லை அவர். எனக்கு வாய் வரை வந்தது. பெருமாள் சத்தியமாக வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. ஒரே ஒரு தடவை கேட்கட்டும். வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்கட்டும், உடனே சொல்லிவிடலாம். அவள் தினமும் கேட்கிறாளே, இவர் ஒரு நாள் கேட்டால் என்ன?

டீயைக் குடித்தார். நானும் குடித்தேன்.

"வேற ஏதாவது கேக்கணுமா சார்?" என்றேன்.

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார், முதல் நாள் என் கண்ணைப் பார்த்த மாதிரியே. "இல்ல சார், அவ்வளவுதான்," என்று எழுந்து போனார்.

கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓடினேன். அவர் இடத்தை எட்டும்போது மூன்று நாற்பது.

"உங்க அக்கா போன் பண்ணாங்க சார். உங்க அப்பாவ ஆபரேஷனுக்கு உள்ள இட்டுகினு போறாங்களாம். உங்ககிட்ட பேசணும்னு சொன்னாராம்."

எழுந்தார். "எப்ப வந்தது?"

கேட்டுவிட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மூணு அஞ்சு."

வாட்சைப் பார்த்தார். பேஜ் திறக்கிற நேரத்தைச் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்: "முப்பத்தஞ்சு நிமிஷம்."

நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நான் கேக்கலையே," என்றார். எனக்குச் சமாதானம் சொல்வது போல இருந்தது.

கேட்டுப் பெட்டியைத் திறந்து அவர் போனை எடுத்து அடித்ததை முனுசாமி பார்த்தான். அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். அவர் அப்பா திரும்பி வெளியே வரவில்லை. அவரும் எங்கள் கம்பெனிக்குத் திரும்பி வரவில்லை. மீதி வேலையைப் பார்க்க வேறு ஒருவர் வந்தார். நிறையப் பேசுகிறவர்.

அன்று ஐந்து மணிக்கு, நான் கிளம்புகிற சமயம், அந்த அக்கா மறுபடி கூப்பிட்டார்கள். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"ஐயா, தம்பிகிட்ட போயிச் சொன்னது நீங்கதான?"

"நான்தாம்மா சொன்னேன்."

"நல்லா இருப்பீங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எப்போது சொன்னேன் என்று அந்தம்மா கேட்கவில்லை.

பேச்சியம்மாள் அந்தச் சித்திரையில் கணக்கு முடித்துக்கொண்டு போனாள். நான் இன்னும் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். துளசி வாங்குகிறேன், தீர்த்தம் வாங்குகிறேன், சடாரிக்குத் தலை குனிகிறேன். இத்தனை வருஷத்தில் பெருமாள் என்னிடம் அந்த முப்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.